பிக்கப் வண்டிக்கு ஸ்பார்க் பிளக்: எப்போது மாற்றுவது, எப்படி மாற்றுவது

ஸ்பார்க் பிளக்கைப் பற்றிப் பேசும்போது 'நல்லா இருக்கு', 'போயிடுச்சு' என்று இரண்டே நிலைகளைத்தான் பெரும்பாலும் சொல்கிறார்கள். பொறி வந்தால் பிளக் நன்றாக இருக்கிறது, வராவிட்டால் மாற்ற வேண்டும், அவ்வளவுதான் என்று நினைக்கிறார்கள். இன்னொரு பக்கம், நுனியில் இரிடியம் என்ற உலோகம் உள்ள இரிடியம் பிளக் போட்டுவிட்டால் 1 லட்சம் கி.மீ. வரை அதை நினைக்கவே வேண்டாம் என்பார்கள். புது பிளக் போட்டால் வண்டி பறக்கும் என்ற பேச்சும் உண்டு. எல்லாவற்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது, முழு உண்மை எதிலும் இல்லை. பிக்கப் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் குழப்பம் மற்றவர்களைவிட அதிகம் செலவு வைக்கும். அந்த வண்டி சுமை ஏற்றுகிறது, டிரெய்லர் இழுக்கிறது, பல நாள் நின்ற இடத்திலேயே மணிக்கணக்கில் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கிறது.

பிளக் திடீரென்று செத்துப்போவது அரிது. அது மெல்ல மெல்லத் தேய்கிறது. தேயத் தேய, தன் பாரத்தை இக்னிஷன் காயில் என்ற இன்னொரு பாகத்தின் தலையில் ஏற்றுகிறது. கடைசியில் காயில் கெட்டுப்போய், அதன் விலையைக் கேட்கும்போதுதான் பிளக்கின் நினைவே வருகிறது. இந்தச் சங்கிலி எப்படி வேலை செய்கிறது என்று புரிந்துவிட்டால், எப்போது மாற்றலாம் என்ற கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிடும்.

## முதலில், உங்கள் வண்டியில் பிளக் இருக்கிறதா?

இது அவசியமான கேள்விதான். பிக்கப் வண்டிகளில் டீசல் இன்ஜின் உள்ளவை ஏராளம். டீசல் இன்ஜினுக்கு ஸ்பார்க் பிளக் கிடையாது. அதில் காற்றை மிகக் கடுமையாக அழுத்துகிறார்கள். அந்த அழுத்தத்தின் சூட்டிலேயே டீசல் தானாகப் பற்றிக்கொள்கிறது. அதில் இருக்கும் 'குளோ பிளக்' குளிரில் ஸ்டார்ட் ஆக உதவும் ஒரு சூடேற்றி மட்டுமே. பெயரில் பிளக் என்று இருப்பதால் இரண்டையும் ஒன்றாக நினைத்துவிடக் கூடாது. இந்தக் கட்டுரை பெட்ரோல் பிக்கப்புகளுக்கானது. எரிவாயுவில் ஓடும் வண்டிகளுக்கும் பொருந்தும், ஆனால் அவற்றில் பொறி தாண்டுவதற்கு இன்னும் அதிக வோல்ட் தேவைப்படும் என்பதால் பிளக்கைச் சீக்கிரமே மாற்ற வேண்டிவரும்.

இன்னொன்று: ஒரு சிலிண்டருக்கு ஒரு பிளக் என்ற கணக்கு எப்போதும் சரிவராது. ராம் பிக்கப்புகளில் வரும் 5.7 லிட்டர் ஹெமி வி8 இன்ஜினில் சிலிண்டருக்கு இரண்டு வீதம் மொத்தம் 16 பிளக்குகள். எட்டு வாங்கிக்கொண்டு வந்து பானட்டைத் திறந்தால் பாதி வேலையில் நிற்க வேண்டியதுதான். கையேட்டில் எண்ணிக்கையைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

## எல்லாம் அந்த இடைவெளியில்

பிளக்கின் நடுவே ஒரு கம்பி வருகிறது. அதன் நுனிதான் மைய மின்முனை. வெளிக்கூட்டிலிருந்து வளைந்து வந்து அதற்கு எதிரே நிற்பது தரை மின்முனை. இரண்டுக்கும் நடுவே சிறு இடைவெளி. மெக்கானிக்குகள் கேப் என்று சொல்வது இதைத்தான். பெரும்பாலான வண்டிகளில் இது 0.7 முதல் 1.1 மி.மீ. வரை இருக்கும். மைய மின்முனையைச் சுற்றியிருக்கும் வெள்ளைப் பீங்கான், மின்சாரம் வழியில் கசிந்து வெளிக்கூட்டுக்குப் போய்விடாமல் காக்கிறது.

வேலை இதுதான்: மின்சாரம் அந்த இடைவெளியைத் தாண்ட வேண்டும். தாண்டும்போது பொறி உண்டாகிறது, அந்தப் பொறி சிலிண்டருக்குள் இருக்கும் பெட்ரோல் காற்றுக் கலவையைப் பற்றவைக்கிறது.

ஒருவர் தினமும் ஒரு வாய்க்காலைத் தாண்டிப் போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறை காலை ஊன்றி எழும்பும்போதும் கரையில் கொஞ்சம் மண் சரிகிறது. இன்றைக்கும் நாளைக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் வருடக்கணக்கில் வாய்க்கால் அகன்றுகொண்டே போகும், அவரும் ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் பலமாக எம்ப வேண்டியிருக்கும். எம்பும் வரை தாண்டிவிடுவார். அவர் முதுகில் ஒரு மூட்டையை ஏற்றிவிட்டால், அன்றைக்குத்தான் தண்ணீரில் விழுவார்.

பிளக்கிலும் இதுவேதான் நடக்கிறது. ஒவ்வொரு பொறியும் மின்முனையிலிருந்து கண்ணுக்குத் தெரியாத அளவு உலோகத்தைப் பெயர்த்துக்கொண்டு போகிறது. இடைவெளி அகல்கிறது. கூடவே, புதிதாக இருந்தபோது கூர்மையாக இருந்த விளிம்புகள் மழுங்கி உருண்டையாகின்றன. மின்சாரத்துக்குக் கூர்மையான விளிம்பிலிருந்து கிளம்புவது எளிது, மழுங்கிய பரப்பிலிருந்து கிளம்புவது கடினம். ஆக, இரண்டு வகையிலும் சிரமம் கூடுகிறது.

எம்புகிற கால் எது? அதுதான் இக்னிஷன் காயில். பேட்டரியிலிருந்து வரும் 12 வோல்ட்டை ஆயிரக்கணக்கான வோல்ட்டாக உயர்த்தித் தருகிற சுருள் அது. காயில் எப்போதும் ஒரே அளவு வோல்ட்டை அனுப்புகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி அல்ல. பொறி தாண்டும் நொடி வரை வோல்ட் ஏறிக்கொண்டே போகும், தாண்டியதும் ஏறுவது நின்றுவிடும். புது பிளக்கும் மிதமான ஓட்டமுமாக இருந்தால் சுமார் 10,000 முதல் 15,000 வோல்ட்டிலேயே தாண்டிவிடும். பிளக் தேய்ந்து சுமையும் ஏறினால் 25,000-ஐக் கடக்கலாம். காயிலால் அதுவும் முடியும். ஆனால் நாள் முழுக்க உச்சத்திலேயே உழைத்தால் உள்ளே இருக்கும் காப்பு வலுவிழக்கும். ஒருநாள் மின்சாரம் பிளக்கின் இடைவெளியைத் தாண்டுவதைவிட காயிலின் காப்பையோ ரப்பர் உறையையோ துளைத்துக்கொண்டு போவதே எளிது என்று ஆகிவிடும். காயில் போய்விட்டது என்று அன்றைக்குச் சொல்வோம்.

இடைவெளியை ஆரம்பத்திலேயே மிகச் சிறியதாக வைத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லையே என்று தோன்றும். பொறி மிகக் குட்டையாக இருந்தால் அது தொடும் கலவையும் குறைவு. அப்போதுதான் பிறந்த சிறு தீப்பிழம்பின் சூட்டை இரு மின்முனைகளும் உறிஞ்சி அணைத்தும்விடும். எனவே பற்றவைக்கப் போதுமான நீளமும் வேண்டும், காயிலால் தாண்ட முடிந்த நீளமாகவும் இருக்க வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவே பொருந்தி வருகிற அளவைத்தான் வண்டி செய்தவர்கள் கையேட்டில் தந்திருக்கிறார்கள். இன்ஜினில் மின்பொறியால் பற்றவைப்பது 1860-இல் எத்தியேன் லெனுவார் செய்த எரிவாயு இன்ஜினிலேயே வந்துவிட்டது. 1902-இல் பாஷ் நிறுவனத்தில் கோட்லோப் ஹோனோல்ட், காந்தத்தின் உதவியால் மின்சாரம் உண்டாக்கும் உயர் மின்னழுத்த மேக்னெட்டோவையும் அதற்கேற்ற பிளக்கையும் உருவாக்கினார். அப்போதிலிருந்து இன்றுவரை பிளக்கின் அடிப்படை அமைப்பு பெரிதாக மாறவில்லை. உலோகமும் பீங்கானும்தான் மேம்பட்டிருக்கின்றன.

## சுமை ஏறினால் என்ன ஆகிறது

வாய்க்கால் தாண்டுகிறவரின் முதுகில் இருந்த மூட்டை, இன்ஜினில் அழுத்தம்.

பொறி திறந்த வெளியில் பாய்வதில்லை. பிஸ்டன் மேலே வந்து கலவையை நெருக்கிவைத்திருக்கும் நேரத்தில் பாய்கிறது. காற்று எவ்வளவு நெருக்கமாக இருக்கிறதோ, அதை ஊடுருவ அவ்வளவு அதிக வோல்ட் தேவை. சமதரையில் காலி வண்டியாகப் போகும்போது ஆக்சிலரேட்டரை லேசாகத்தான் மிதிக்கிறோம். சிலிண்டருக்குள் நுழையும் காற்று குறைவு, நெருக்கமும் குறைவு. டிரெய்லரை இழுத்துக்கொண்டு மேட்டில் ஏறும்போது முழுக்க மிதிக்கிறோம். சிலிண்டர் நிறையக் காற்று வருகிறது, அழுத்தம் கூடுகிறது, தேவைப்படும் வோல்ட்டும் கூடுகிறது. டர்போ உள்ள இன்ஜின் காற்றைக் கூடுதலாகத் திணிப்பதால் அங்கே நிலைமை இன்னும் கடுமை. டர்போ இன்ஜின்களுக்கு இடைவெளியைச் சற்றுக் குறைவாகக் கொடுப்பதன் காரணமும் அதுவே.

தேய்ந்த பிளக்குள்ள பிக்கப், காலியாக ஓடும்போது ஒரு குறையும் காட்டாமல் சுமையோடு மேடு ஏறும்போது மட்டும் திணறுவது இதனால்தான். 'இன்னைக்கு மட்டும் ஏதோ மிஸ் அடிக்குது, பெட்ரோல் சரியில்ல போல' என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். பெட்ரோலைச் சந்தேகிக்கும் முன் பிளக்கைச் சந்தேகியுங்கள்.

பிளக்கைக் கழற்றி, இன்ஜின் உலோகத்தில் வைத்து, ஸ்டார்ட் அடித்துப் பொறி வருகிறதா என்று பார்க்கும் பழைய சோதனை எதையும் நிரூபிக்காது என்பதும் இதிலிருந்து தெரியும். வெளியே அழுத்தமே இல்லை. மோசமாகத் தேய்ந்த பிளக்கும் அங்கே பளிச்சென்று பொறி விடும். அதோடு, இன்றைய காயில்களில் இப்படிச் செய்வது ஆபத்து. கையில் பலமான ஷாக் அடிக்கலாம், காயிலும் கெடலாம், சுற்றிலும் இருக்கும் பெட்ரோல் ஆவியும் பற்றலாம். இந்தச் சோதனையைக் கைவிட்டுவிடுவதே நல்லது.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: பொறி பாயப் பாய இடைவெளி அகல்கிறது, அகல அகல காயிலுக்குப் பாரம் கூடுகிறது, சுமை ஏறும்போது அழுத்தமும் சேர்ந்துகொள்ள, அங்கேதான் முதல் தோல்வி வெளியே தெரிகிறது.

## அப்படியானால் எத்தனை கி.மீ.?

இது மின்முனை எந்த உலோகம் என்பதைப் பொறுத்தது. கடைகளில் காப்பர் பிளக் என்று விற்கப்படுவதன் மின்முனை உண்மையில் நிக்கல் கலவை. செம்பு உள்ளே நடுத்தண்டாக இருக்கிறது, சூட்டைக் கடத்துவதற்காக. இரிடியம் பிளக்கிலும் பெரும்பாலும் அதே செம்புத் தண்டு உண்டு. வித்தியாசம் நுனியில் மட்டுமே. நிக்கல் சுமார் 1455 டிகிரி செல்சியஸில் உருகும், பிளாட்டினம் 1768-இல், இரிடியம் 2446-இல். உருகுநிலை உயர உயரப் பொறியின் அரிப்பைத் தாங்கும் திறனும் கூடுகிறது. அதனால் இரிடியம் நுனியை 0.6 மி.மீ., சிலவற்றில் 0.4 மி.மீ. அளவுக்கு மெல்லியதாகச் செய்ய முடிகிறது. நிக்கலுக்கு 2.5 மி.மீ. தடிமன் வேண்டும். மெல்லிய நுனியிலிருந்து பொறி குறைந்த வோல்ட்டில் கிளம்பும்.

பொதுவான கணக்கு இது: நிக்கல் பிளக் 30,000 முதல் 50,000 கி.மீ., பிளாட்டினமும் இரிடியமும் 1 லட்சம் கி.மீ. சுற்று, சில இன்ஜின்களில் அதற்கும் மேல். உங்கள் வண்டியின் கையேடு சொல்வதே இறுதி.

ஆனால் கையேட்டில் இரண்டு அட்டவணைகள் இருக்கும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஒன்று சாதாரண உபயோகத்துக்கு, மற்றது கடின உபயோகத்துக்கு. அடிக்கடி சுமை இழுப்பது, தூசி நிறைந்த பாதை, நின்றபடி நீண்ட நேரம் ஓடுவது, மிகக் குறுகிய பயணங்கள் எல்லாமே கடின உபயோகம். வேலைக்குப் பயன்படும் பிக்கப் பெரும்பாலும் இரண்டாவது அட்டவணையைச் சேர்ந்தது. உரிமையாளர் படிப்பதென்னவோ முதல் அட்டவணையை.

நின்றபடி ஓடுவதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் இரண்டு சுற்றுக்கு ஒரு பொறி. நிமிடத்துக்கு 700 சுற்றில் சும்மா நிற்கும் இன்ஜினில் ஒவ்வொரு பிளக்கும் நிமிடத்துக்கு 350 முறை, மணிக்கு 21,000 முறை பொறி விடுகிறது. அந்த ஒரு மணி நேரத்தில் ஓடோமீட்டர் ஒரு கி.மீ. கூட நகரவில்லை. போதாததற்கு, சும்மா ஓடும்போது பிளக்கின் நுனி போதுமான சூட்டை எட்டாது. சுமார் 500 டிகிரிக்கு மேல் போனால்தான் நுனியில் படியும் கரி தானாக எரிந்து போகும். அந்தச் சூடு வராவிட்டால் கரி தங்கிவிடும். ஆகவே 60,000 கி.மீ. காட்டும் ஒரு வேலை வண்டியின் பிளக், 1 லட்சம் கி.மீ. நெடுஞ்சாலையில் ஓடிய வண்டியின் பிளக்கைவிட மோசமாக இருக்கலாம். சில புதிய பிக்கப்புகளின் மீட்டரில் இன்ஜின் மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று பார்க்கும் வசதி இருக்கிறது. இருந்தால் கட்டாயம் பாருங்கள்.

வருடக் கணக்கும் உண்டு. குறைவாக ஓடிய வண்டியானாலும், பிளக்கை, சிலிண்டர்களின் மேல்மூடியான அலுமினிய ஹெட்டுக்குள் பத்து வருடம் அசையாமல் விட்டுவைத்தால் மரை அங்கேயே இறுகிவிடும். தேயாத பிளக்கையும் கழற்ற முடியாமல் போகும்.

## வண்டி சொல்லும் அறிகுறிகள்

சுமையில் திணறல், இழுவை குறைவது, நிற்கும்போது நடுக்கம், காலையில் ஸ்டார்ட் ஆகத் தாமதம், பெட்ரோல் கூடுதலாகக் குடிப்பது. இவற்றுக்கு வேறு காரணங்களும் இருக்கலாம். ஆனால் பிளக் மாற்றும் கெடு நெருங்கியிருந்தால் முதலில் அதைப் பார்ப்பது மலிவான வழி.

சிலிண்டரில் கலவை பற்றாமல் போவதை மிஸ்ஃபயர் என்கிறோம். வண்டியின் கணினி அதைக் கண்டுபிடித்தால் செக் இன்ஜின் விளக்கை எரியவிடும். ஸ்கேன் கருவியை மாட்டினால் பி0301 போல ஒரு குறியீடு வரும். கடைசி எண் எந்த சிலிண்டர் என்பதைக் காட்டுகிறது. பி0300 என்றால் குறிப்பிட்ட ஒரே சிலிண்டரில் என்று இல்லாமல் மாறி மாறி நடக்கிறது.

விளக்கு நிலையாக எரிவதும் விட்டுவிட்டு மின்னுவதும் வேறு வேறு. மின்னினால் உடனே சுமையைக் குறைத்து ஓரம் கட்டுங்கள். பற்றாத பெட்ரோல் புகைக்குழாய் வழியே போய், நச்சு வாயுக்களைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் எரிகிறது என்று அதற்குப் பொருள். உள்ளே இருக்கும் பீங்கான் வலை உருகிவிடலாம். பிளக்கில் ஆரம்பித்த பிரச்சினையிலேயே மிக அதிகம் செலவு வைப்பது இதுதான்.

புது பிளக் போட்டால் சக்தி கூடுமா என்று கேட்பவர்களுக்கு: இழந்தது திரும்பி வரும். இன்ஜினுக்குப் புதிதாக எதுவும் கிடைக்காது. நல்ல நிலையில் உள்ள பிளக்கைக் கழற்றிவிட்டு விலையுயர்ந்த பிளக் போட்டு வித்தியாசத்தைத் தேட வேண்டாம்.

## எதை வாங்குவது

கையேட்டில் உள்ள அதே எண், அல்லது அதற்கு இணை என்று தயாரிப்பாளரே பட்டியலிட்ட எண். இதில் சொந்த முயற்சி வேண்டாம் என்பதே என் கருத்து. மரையின் அளவும் நீளமும் பொருந்தினால் போதும் என்று நினைத்துவிடக் கூடாது, வெப்ப எண்ணும் பொருந்த வேண்டும். பிளக் தன் நுனியின் சூட்டை எவ்வளவு வேகமாக இன்ஜினுக்குக் கடத்துகிறது என்பதன் அளவு அது. கடத்துவது போதாமல் நுனி 850 டிகிரியைத் தாண்டினால், பொறி வருமுன்பே அந்தச் சூடே கலவையைப் பற்றவைத்து பிஸ்டனைச் சேதப்படுத்தும். அளவுக்கு மீறிக் கடத்தினால் கரி படியும். என்ஜிகே பிளக்குகளில் எண் பெரிதானால் குளிர்ந்த வகை, பாஷ் பிளக்குகளில் எண் பெரிதானால் சூடான வகை. எண்ணைப் பார்த்து ஊகிப்பது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இது ஒன்றே போதும்.

ஒரு இன்ஜினில் எல்லா பிளக்கையும் சேர்த்தே மாற்றுங்கள். பழுதான ஒன்றை மட்டும் மாற்றினால், அதே வயதுள்ள மற்றவை வரிசையாக அதே வேலையை வைக்கும்.

பெட்டியில் இடைவெளி சரிசெய்தே வருகிறது என்று எழுதியிருந்தாலும் ஒருமுறை அளந்து பாருங்கள். கம்பி வகை அளவுகோல் போதும். வட்டக் காசு போல இருக்கும் அளவுகோலை இரிடியம் பிளக்கின் இடைவெளியில் திணிக்காதீர்கள், அந்த மெல்லிய நுனி ஒடிந்துவிடும். திருத்தம் தேவைப்பட்டால் தரை மின்முனையை மட்டும், மைய நுனியைத் தொடாமல் மெல்ல வளைக்க வேண்டும். கீழே விழுந்த பிளக்கைப் போடவே வேண்டாம். வெளியே தெரியாத விரிசல் பீங்கானில் இருக்கலாம்.

## மாற்றும் நாள்

இன்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். இரவு நிறுத்திய வண்டியைக் காலையில் தொடுவது சிறப்பு. பிளக்கின் கூடு எஃகு, ஹெட் பெரும்பாலும் அலுமினியம். அலுமினியம் சூட்டில் எஃகைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரிகிறது, சூட்டில் மிருதுவாகவும் இருக்கிறது. அந்த நேரத்தில் பலம் கொடுத்துத் திருப்பினால் ஹெட்டின் மரை பிளக்கோடு பிய்ந்து வந்துவிடும். சாவியை அணைத்து எடுத்துவிடுங்கள்.

தேவையான கருவிகள் அதிகமில்லை. உள்ளே ரப்பரோ காந்தமோ உள்ள பிளக் சாக்கெட் (பெரும்பாலும் 16 மி.மீ., சில பழைய இன்ஜின்களுக்கு 21 மி.மீ., சில புதியவற்றுக்கு 14 மி.மீ.), அதைத் திருப்பும் கைப்பிடியான ராட்செட், நீட்டுக் கம்பி, காற்றடிக்கும் வசதி, எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச். கடைசியாகச் சொன்னதை இரவல் வாங்கியாவது கொண்டுவாருங்கள். அது இல்லாமல் இந்த வேலையை ஆரம்பிக்க வேண்டாம்.

பிக்கப்புக்கென்றே ஒரு சிரமம் உண்டு, உயரம். எட்டி எட்டிக் கையை நீட்டி வேலை செய்தால் சாக்கெட் சாய்ந்து பீங்கான் உடையும். அசையாத மேடை ஒன்றின் மேல் நின்று செய்யுங்கள். வி வடிவ இன்ஜின்களில் பின்வரிசை பிளக்குகள் கேபினுக்கு அடியில் ஒளிந்திருக்கும். பல வண்டிகளில் முன்சக்கரத்தைக் கழற்றி, மட்கார்டின் உள்ளே உள்ள பிளாஸ்டிக் தடுப்பை எடுத்தால் பக்கவாட்டிலிருந்து கை எளிதாகப் போகும். மேலிருந்து மணிக்கணக்கில் மல்லுக்கட்டுவதைவிட இது நல்லது.

ஒவ்வொரு சிலிண்டராகத்தான் செய்ய வேண்டும். எல்லா காயிலையும் மொத்தமாகக் கழற்றிப்போட்டால் எது எங்கே இருந்தது என்று தெரியாமல் போகும். பழைய வண்டியில் காயிலுக்குப் பதில் பிளக் வயர்கள் இருந்தால் இது இன்னும் முக்கியம், வயர் மாறினால் வண்டி தாறுமாறாக ஓடும். காயிலின் இணைப்பியில் உள்ள பிளாஸ்டிக் பூட்டு பல வருட சூட்டில் நொறுங்கும் நிலையில் இருக்கும், பொறுமையாக அழுத்தி விடுவியுங்கள். போல்ட்டை எடுத்தபின் காயிலை இடமும் வலமும் லேசாகத் திருகிவிட்டு மேலே இழுங்கள். வயராக இருந்தால் ரப்பர் முனையைப் பிடித்து இழுங்கள், வயரைப் பிடித்து அல்ல.

இப்போது பிளக் இருக்கும் குழி தெரியும். கழற்றுவதற்கு முன் அதற்குள் காற்றடித்துத் தூசியை வெளியேற்றுங்கள். மண்பாதையில் ஓடிய வண்டியாக இருந்தால் மணல் நிச்சயம் இருக்கும். பிளக்கை எடுத்ததும் அந்த மணல் நேராகச் சிலிண்டருக்குள் விழுந்து சுவரைக் கீறும். பிளக்கை ஒரு சுற்று மட்டும் தளர்த்தி, மறுபடி ஒருமுறை காற்றடித்துவிட்டு, பிறகு முழுக்கக் கழற்றுங்கள்.

வர மறுத்தால் பலத்தைக் கூட்டாதீர்கள். கால் சுற்றுக்கும் குறைவாகத் தளர்த்தி, ஊடுருவும் எண்ணெய் விட்டு, ஊறவைத்து, முன்னும் பின்னும் மெல்லத் திருப்பி எடுங்கள். 2004 முதல் 2008 வரையிலான ஃபோர்டு எஃப்-150 பிக்கப்புகளில் வந்த 5.4 லிட்டர், மூன்று வால்வு டிரைட்டன் இன்ஜின் இதில் பெயர் பெற்றது. அதன் பிளக் இரண்டு துண்டுகளால் ஆனது. நீண்ட கீழ்ப்பகுதி கரியில் ஒட்டிக்கொள்ள, திருப்பும்போது மேல்பகுதி மட்டும் கையோடு வந்துவிடும். ஃபோர்டு நிறுவனமே இதற்கென்று தனியாகக் கழற்றும் முறையை வெளியிட்டது. அந்த இன்ஜின் உள்ள வண்டியானால் அனுபவமுள்ளவரிடம் விட்டுவிடுவது நல்லது.

புது பிளக்கை முதலில் கையால்தான் ஏற்ற வேண்டும். ராட்செட் கூடாது. குழி ஆழமாக இருந்தால் பிளக்கின் தலையில் ஒரு ரப்பர் குழாயைச் செருகி, அதைப் பிடித்துத் திருகலாம். மரை கோணலாகப் பிடித்தால் குழாய் வழுக்கிவிடும், சேதம் வராது. பல சுற்று தடையில்லாமல் இறங்க வேண்டும். இறங்காவிட்டால் எடுத்துவிட்டு மறுபடி ஆரம்பியுங்கள்.

## எவ்வளவு இறுக்குவது

பயத்தில் அதிகமாக இறுக்குவதும் அக்கறையில்லாமல் தளர விடுவதும் இரண்டுமே தவறு. தளர்ந்த பிளக்கால் தன் சூட்டை ஹெட்டுக்குக் கடத்த முடியாது, அதனால் எரிந்துபோகும். சில சமயம் மரையைப் பிய்த்துக்கொண்டு வெளியேயே பாயும். அதிகம் இறுக்கினால் கூடு நீண்டு, பீங்கான் விரிசல் விடும், அல்லது ஹெட்டின் மரை போய்விடும்.

அலுமினிய ஹெட்டில், வாஷர் உள்ள 14 மி.மீ. மரை பிளக்குக்குப் பொதுவாக 25 முதல் 30 நியூட்டன் மீட்டர், 12 மி.மீ. மரைக்கு 15 முதல் 20. கூம்பு வடிவ இருக்கை உள்ள, வாஷர் இல்லாத பிளக்குகளுக்கு இதைவிடக் குறைவு. கையேட்டில் வேறு எண் இருந்தால் அதுதான் சரி. டார்க் ரெஞ்ச் நுழைய இடமே இல்லாத மூலையில், கையால் உட்கார்ந்தபின் வாஷர் உள்ள புது பிளக்கை அரை முதல் மூன்றில் இரண்டு சுற்று திருப்பலாம். கூம்பு இருக்கை என்றால் பதினாறில் ஒரு பங்கு சுற்றுதான். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பல ஹெட்டுகள் கெடுகின்றன.

மரை இறுகாமல் இருக்க ஆன்டி சீஸ் பசை தடவலாமா? பூச்சு பூசப்பட்டு வரும் இன்றைய பிளக்குகளுக்கு வேண்டாம் என்று தயாரிப்பாளர்களே சொல்கிறார்கள். பசை வழுக்குவதால், ரெஞ்சில் அதே எண் காட்டினாலும் பிளக் நிஜத்தில் கூடுதலாக இறுகிவிடும். ஆனால் காயிலின் ரப்பர் உறைக்குள் சிறிது டைஎலக்ட்ரிக் கிரீஸ் தடவுவது நல்ல பழக்கம். மின்சாரத்தைக் கடத்தாத இந்த கிரீஸ் ஈரத்தைத் தடுக்கும், அடுத்த முறை உறை ஒட்டாமல் வரவும் உதவும். உறையில் வெடிப்போ கருப்புக் கோடோ இருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள்.

சுருக்கமாக: ஆறிய இன்ஜின், சுத்தமான குழி, கையால் ஏற்றிய மரை, அளந்த இறுக்கம். இந்த நான்கும் சரியாக இருந்தால் வேலையில் ஆபத்து மிகக் குறைவு.

## கழற்றியதைத் தூக்கிப் போடாதீர்கள்

எந்த பிளக் எந்த சிலிண்டரிலிருந்து வந்தது என்பது தெரியும்படி வரிசையாக வையுங்கள். உள்ளே என்ன நடந்தது என்று அவை சொல்லும். நுனி வெளிர் பழுப்பாகவோ சாம்பல் நிறமாகவோ இருந்தால் எரிதல் நன்றாக நடந்திருக்கிறது. உலர்ந்த கருங்கரி என்றால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது, அல்லது வண்டி சூடேறாமலே ஓடியிருக்கிறது. எண்ணெய்ப் பிசுக்கோடு கருப்பாக இருந்தால் சிலிண்டருக்குள் இன்ஜின் ஆயில் நுழைகிறது, அது பிளக் மாற்றித் தீரும் பிரச்சினை அல்ல. வெளுத்து, கொப்புளம் கண்டிருந்தால் அளவுக்கு மீறிய சூடு.

இங்கே அடிக்கடி இரண்டு தவறான முடிவுகளுக்கு வருகிறார்கள். பிளக்கின் மேல்பகுதியும் குழியும் மட்டும் எண்ணெயாக இருந்தால் இன்ஜின் போய்விட்டது என்று அஞ்ச வேண்டாம். மேலே வால்வ் கவரின் ரப்பர் சீல் கசிகிறது, அதை மாற்றினால் போதும். பீங்கானில், உலோகக் கூட்டுக்கு மேலே பழுப்பு வளையம் தெரிந்தால் வாயு கசிவதாகச் சொல்வார்கள். உயர் வோல்ட் சுற்றியுள்ள எண்ணெய்த் துகள்களை இழுத்துப் படியவைத்த கறை அது, கெடுதல் இல்லை.

கறுத்த பிளக்கை கம்பி பிரஷால் தேய்த்து மறுபடி போடும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். பிரஷின் உலோகம் பீங்கானில் கோடாகப் படிந்து மின்சாரத்துக்குக் குறுக்குவழி ஆகிவிடும். அகன்ற இடைவெளியும் மழுங்கிய விளிம்பும் தேய்த்தால் திரும்பி வராது.

## மாற்றியபின்னும் மிஸ் அடித்தால்

எல்லாம் மாட்டி ஸ்டார்ட் செய்ததும் இன்ஜின் நடுங்கினால் பதற வேண்டாம். முதலில் காயில் இணைப்பிகள் கிளிக் என்ற ஓசையோடு உட்கார்ந்திருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். பெரும்பாலும் ஒன்று அரைகுறையாக இருக்கும். அதுவும் சரி என்றால் ஸ்கேன் கருவியில் சிலிண்டர் எண்ணைப் பாருங்கள். அந்த சிலிண்டரின் காயிலை எடுத்துப் பக்கத்து சிலிண்டரில் மாட்டி, பக்கத்துக் காயிலை இங்கே மாட்டி, பழைய குறியீட்டை அழித்துவிட்டு ஓட்டுங்கள். குறியீடு காயிலோடு பக்கத்து சிலிண்டருக்கு இடம் மாறினால் காயில் கெட்டிருக்கிறது. தேய்ந்த பிளக்கோடு அது பல காலம் போராடியிருக்கும். குறியீடு பழைய சிலிண்டரிலேயே நின்றால், அங்கே போட்ட புது பிளக்கைக் கழற்றிப் பீங்கானில் விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். அதிலும் குறை இல்லை என்றால் அடுத்து பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டர், அதற்கடுத்து சிலிண்டரின் அழுத்தம். அழுத்தச் சோதனைக்கு அதற்குரிய மானி வேண்டும், அந்தக் கட்டத்தில் வண்டியை மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள். கழற்றிய பழைய பிளக்குகளையும் அதே வரிசையில் எடுத்துச் செல்லுங்கள், அவர் முதலில் கேட்பது அதையாகத்தான் இருக்கும்.